ஆயிரம் படங்களும் ஒரு காதும்

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி நாதஸ்வர வித்துவானிடம் ஒரு சந்தேகம் கேட்பார். இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்பது அந்தச் சந்தேகம். 1968இல் திரையரங்கில் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அந்த இடத்தில் சிரிக்கிறார்கள். கேள்வியை மட்டும் எழுத்தில் படித்தால் ஒரு அசட்டுப் பெண்ணின் கேள்வியாகத்தான் இருக்கும். மனோரமாவின் வாயிலிருந்து வரும்போது அதில் அசடு இல்லை. அந்த இசையைக் கேட்டு உண்மையிலேயே அடிபட்டுப் போன ஒருத்தி, தனக்கு வாய்த்த சொற்களைக் கொண்டு அதைப் பாராட்டுகிறாள். பாராட்டத் தெரியாத பாராட்டு அது. வாக்கியத்தின் கடைசியில் குரல் சற்றே மேலேறி நிற்கும். பதில் வரும்வரை மூச்சு விடமாட்டாளோ என்று தோன்றும்.

அப்போது அவருக்கு வயது 31. திரைக்கு வந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சிவாஜி கணேசன், பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் ஒரு மலையாக நிற்கும் படம் அது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். அந்தக் கூட்டத்தின் நடுவே, கதையை நகர்த்தும் பொறுப்பு பெரிதாக இல்லாத ஒரு நாடகக்காரியின் வேடத்தில் வந்து, படத்தின் நினைவில் சமபங்கு பெற்றுக்கொண்டு போனார் மனோரமா.

அவரைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் வருவது எண்ணிக்கைதான். ஆயிரம் படங்களுக்கு மேல், கின்னஸ் புத்தகத்தில் இடம், ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர். எல்லாம் உண்மை. அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் நாடக மேடையில் நடித்தார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி. ராமாராவ் ஆகியோருடன் திரையில் நடித்தார். ஆனால் இந்த எண்களை அதிசயமாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது என்றே நினைக்கிறேன். ஆயிரம் என்பதை ஐம்பது ஆண்டுகளால் வகுத்தால் ஆண்டுக்கு 20 படங்கள் வருகின்றன. மாதத்துக்கு ஒன்றரைப் படத்துக்கும் கூடுதல், அதுவும் அரை நூற்றாண்டு இடைவிடாமல். எந்தக் கதாநாயகிக்கும் இது சாத்தியப்படாது. இது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டால், சென்னையில் சினிமா இயங்கிய விதத்தையும், அதில் சிரிக்கவைக்கும் பெண்களுக்கு இருந்த இடத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

தமிழ் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலம் தனி ஓடையாகவே ஓடியது. கதை ஒருபுறம் நடக்கும்; அதற்கு இணையாக, சில இடங்களில் மட்டும் அதைத் தொட்டுக்கொண்டு, நகைச்சுவைக் காட்சிகள் வரும். கோடம்பாக்கத்தில் அதற்குப் பெயர் ‘காமெடி டிராக்’. அதற்கெனத் தனியாக எழுத்தாளர்கள் இருந்தார்கள். கவுண்டமணி, செந்தில் காலம்வரை அந்த முறை உயிரோடு இருந்தது. ‘கரகாட்டக்காரன்’ படத்தின் நகைச்சுவையை ஏ. வீரப்பன் எழுதினார். இதைத் தொடங்கிவைத்தவர்கள் என்று என்.எஸ். கிருஷ்ணனையும் டி.ஏ. மதுரத்தையும்தான் சொல்ல வேண்டும். தங்கள் பகுதியைத் தாங்களே உருவாக்கிக்கொண்டு வந்து படத்தில் சேர்த்த ஜோடி அது.

இந்த முறையின் பலன் எளிமையானது. நகைச்சுவைப் பகுதியைச் சில நாட்களில் எடுத்து முடித்துவிடலாம். கதாநாயகனின் கால்ஷீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏவி.எம்., வாகினி, பிரசாத், பரணி என்று ஸ்டூடியோக்கள் வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்திலேயே நெருங்கி இருந்தன. காலையில் ஒரு தளத்தில் வேலைக்காரியாக நடித்தவர் மாலையில் அடுத்த தளத்தில் பணக்கார வீட்டு அம்மாவாக மாறிவிட முடியும். புடவையும் கொண்டையும் மாறினால் போதும். மனோரமாவின் ஆயிரம் படங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடு. பகுதி வேலைக்குப் பகுதிக் கூலி. ஒரு படத்தில் கிடைப்பது குறைவு என்பதால் பல படங்களில் நடிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் அவருடைய திறமை இருக்கிற அளவுக்கு அவருடைய உழைப்பும் இருக்கிறது. உழைப்பைச் சொல்லாமல் சாதனையை மட்டும் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிரிக்கவைக்கும் பெண்களின் வரிசை அவரோடு தொடங்கவில்லை. மதுரம் ஒரு பெரிய ஆளுமை. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் கடைசியில் என்.எஸ்.கே. கைதானபோது நாடகக் குழுவையும் நடத்தி, வழக்கையும் நடத்தியவர் அவர். 1947இல் என்.எஸ்.கே. விடுதலையாகி வெளியே வரும்வரை அந்தச் சுமை அவர் தலையில் இருந்தது. திரையில் அவர் கணவருக்குப் பின்பாட்டுப் பாடவில்லை; எதிர்ப்பாட்டுப் பாடினார். அவரோடும் அவருக்குப் பிறகும் அங்கமுத்து, சி.டி. ராஜகாந்தம், டி.பி. முத்துலட்சுமி, எம். சரோஜா. ‘அறிவாளி’ படத்தில் தங்கவேலு பூரி செய்யக் கற்றுக்கொடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வார்த்தைகள் முக்கால்வாசி தங்கவேலுவுடையவை. சிரிப்பு முழுவதும் முத்துலட்சுமி அடுத்த பதிலைச் சொல்லும் அந்தக் கணத்தில்தான் வெடிக்கிறது. எப்போது சொல்வது என்பதை அறிந்தவர் அவர்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு சிக்கல் பொதுவாக இருந்தது. நகைச்சுவை நடிகை என்பவர் ஜோடியில் பாதி. என்.எஸ்.கே.க்கு மதுரம், தங்கவேலுவுக்கு முத்துலட்சுமி அல்லது சரோஜா. ஆண் நடிகரின் சந்தை சரிந்தால் அவரோடு ஜோடி சேர்ந்தவரும் சரிவார். சுவரொட்டியில் பெயர் இரண்டாவதாக வரும், சில வேளைகளில் வராமலும் போகும். கதாநாயகிக்கு வயதானால் அம்மா வேடம் காத்திருக்கும். நகைச்சுவை நடிகைக்கு அந்த உறுதிகூட இல்லை. மனோரமா இந்தக் கணக்கிலிருந்து தப்பித்தார். நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் நிலைத்து நின்றார். எப்படி நின்றார் என்பதற்கு விடை அவருடைய காதில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு அவர் பிறந்து வளர்ந்த கதைக்குப் போக வேண்டும்.

மன்னார்குடியில் 1937 மே 26 அன்று பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் கோபிசாந்தா. தந்தை குடும்பத்தை விட்டு விலகிவிட, தாய் ராமாமிர்தம் கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகே உள்ள பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சோடு வந்த தாயிடமும், செட்டிநாட்டுப் பேச்சு சூழ்ந்த ஊரிடமும் ஒரே நேரத்தில் வளர்ந்த பிள்ளை அது. வீட்டுக்குள் ஒரு தமிழ், வாசலைத் தாண்டினால் இன்னொரு தமிழ். வேலைக்குப் போகும் வீட்டில் எப்படிப் பேசுவது, தெருவில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அந்த வயதிலேயே காதில் ஏறிவிடும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பாடத்தில் வராத படிப்பு. நகரத்தார் வீட்டுப் பெண்களை அழைக்கும் ‘ஆச்சி’ என்ற சொல்லே பின்னாளில் அவருடைய பெயராகவும் ஆனது. கோடம்பாக்கத்தில் லைட் பிடிப்பவர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ஆச்சிதான்.

பன்னிரண்டு வயதில் மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகத்தில்தான் கிடைத்தது. நன்றாகப் பாடுவார் என்பதால் வாய்ப்பு வந்தது; வசனம் சுத்தமாக வரும் என்பதால் நிலைத்தது. பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். இந்த நாடகப் பயணங்களைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பது எனக்குக் குறை. திராவிட இயக்க நாடகங்கள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிய காலம் அது. ஒவ்வொரு ஊரிலும் பந்தல் போடுகிறவர், சாப்பாடு பரிமாறுகிறவர், கொட்டகை வாசலில் முறுக்கு விற்கிறவர் என்று அந்தந்த வட்டாரத்துப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும். மொழியியல் மாணவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கள ஆய்வு செய்து சேகரிப்பதை, நாடகக்காரி ஒருத்தி வயிற்றுப்பாட்டுக்கான பயணத்திலேயே சேர்த்துக்கொண்டாள்.

திரையில் முதல் படம் 1958இல் வந்த ‘மாலையிட்ட மங்கை’. கண்ணதாசன் தயாரித்த படம். அவர்தான் இந்தப் பெண்ணுக்கு நகைச்சுவை வரும் என்று நம்பி அந்த வேடத்தைக் கொடுத்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்த வழியில் அவர் தொடரவில்லை. கதாநாயகியாகவே இருந்திருந்தால் சில ஆண்டுகளில் காணாமல் போயிருப்பேன் என்ற பொருளில் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்வார். அதே காலத்தில் நாடகத்தில் உடன் நடித்த எஸ்.எம். ராமநாதனை 1964இல் திருமணம் செய்துகொண்டார்; இரண்டே ஆண்டுகளில் மணவாழ்க்கை முடிந்தது. கையில் ஒரு மகன், கூடவே தாய். 1966க்குப் பிறகு அவர் ஏற்றுக்கொண்ட வேடங்களின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, ஒரு குடும்பத்தைத் தனியாகத் தூக்கி நிறுத்திய பெண்ணின் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல இருக்கிறது.

இனி அந்தக் காது.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில். இரண்டு அறை, ஒரு கூடம், கூடத்தை ஒட்டிச் சமையலறை. ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அம்மா கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அடுப்பைப் பார்த்தபடியே படத்தைக் கேட்பார். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகிய தலைமுறை அது. படத்தின் ஒலியை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். அதைக் கேட்டே முழுப் படத்தையும் பார்த்துவிட்ட நிறைவு வரும். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசன ரெக்கார்டு போட்டு ஊரே கேட்ட காலமும் அதற்கு முன்னால் இருந்தது. அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போது மனோரமாவின் குரல் வந்துவிட்டால் நிறுத்திவிடுவார். காட்சி முடிந்த பிறகுதான் சட்னி அரைபடும். திரையைப் பார்க்காமலேயே இது கோயமுத்தூர்க்காரி வேடம், இது மெட்ராஸ்காரி வேடம் என்று சொல்வார். எந்தப் படம் என்பதையும் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

இந்தச் சின்ன விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் சினிமாவைப் பார்த்தவர்கள் அளவுக்குக் கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கைவேலையை விட முடியாதவர்கள். முகச் சேட்டையையும் விழுந்து புரளுவதையும் நம்பியிருக்கும் நகைச்சுவை இவர்களை எட்டாது. குரலும் பேச்சு மொழியும் எட்டும். மனோரமாவின் நகைச்சுவை அடுப்படிவரை எட்டியது.

ஸ்டூடியோவுக்குள் படம் எடுத்த காலத்தில் நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்துவிடுவார்கள். நாடகத்தில் பழகிய குரலுக்கு அது வசதி. எழுபதுகளின் பிற்பகுதியில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகி, வசனத்தைப் பிறகு தனியாக டப்பிங் பேசும் முறை எங்கும் வந்தது. பல நடிகர்கள் அந்த இருட்டறையில் திணறினார்கள். அவருக்கோ குரல்தான் முதல் கருவி என்பதால் காலம் மாறியதும் தெரியவில்லை, தடுமாற்றமும் தெரியவில்லை.

வியாபாரத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். தமிழ்ப் படங்கள் ஏரியா ஏரியாவாக விற்கப்படும்: சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடும் தென் ஆற்காடும், சேலம், கோவை, திருச்சியும் தஞ்சையும், மதுரையும் ராமநாதபுரமும், நெல்லையும் குமரியும். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். கதாநாயகனும் கதாநாயகியும் பேசும் தமிழ் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத பொதுத் தமிழாக இருக்கும். ஊர்த் தமிழ் பேசும் உரிமை நகைச்சுவைக்காரர்களிடம் இருந்தது. இந்த வரைபடத்தில் பெரும்பாலான ஊர்களின் பேச்சையும் நாக்கில் வைத்திருந்த ஒரு நடிகை, எந்தப் படத்துக்கும் எந்த ஏரியாவுக்கும் பொருந்துவார். ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் துருத்திய பல்லோடு வரும் அந்தக் கொங்குத் தாயைப் பார்த்துவிட்டு, அவர் மன்னார்குடியில் பிறந்தவர் என்று சொன்னால் ஈரோட்டுப் பக்கத்தில் சிலர் நம்பமாட்டார்கள். அந்தப் பல்செட்டை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தின் இழுவையை வழுவாமல் பேசுவது எத்தனை கடினம் என்பதைப் பல் கட்டிய முதியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் அவருக்கு மிக நெருக்கமாக அமைந்தது சென்னைத் தமிழ்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையும் வருகிறது, நான் இந்த ஊர்க்காரன். தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் துறைமுகத்தின் உப்புக்காற்றும் கலந்து உண்டான பேச்சு அது. ‘நைனா’ தெலுங்கிலிருந்து வந்தது, ‘பேஜார்’ உருதுவிலிருந்து, ‘கஸ்மாலம்’ சமஸ்கிருதத்திலிருந்து. படித்தவர்கள் முகம் சுளித்த அந்தப் பேச்சுக்குத் திரையில் இசையைக் கண்டுபிடித்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக அதைப் பேசிக் காட்டிய சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். மனோரமா மன்னார்குடி. பிறந்த நாள் முதல் ஒரு பேச்சுக்குள் இருப்பவனுக்கு அது வெறும் பேச்சு. வெளியிலிருந்து வந்து அதைக் கேட்டுக் கற்றவர்களுக்கு அதன் ஏற்ற இறக்கம் பாட்டாகக் கேட்கும்.

அது பாட்டாகவே ஆன இடமும் உண்டு. 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில், வி. குமாரின் இசையில், சோவுடன் சேர்ந்து வரும் அந்தப் பாட்டை மனோரமா சொந்தக் குரலில் பாடினார். வாத்தியாரை வீட்டுப் பக்கம் அழைக்கும் பாட்டு. ஜாம்பஜாரும் சைதாப்பேட்டையும் அதில் அடைமொழிகளாக வரும். இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் அதற்கு முன்பு எத்தனை பாட்டில் இவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருக்கும்? அழைக்கிற பெண்ணின் குரலில் கெஞ்சல் இல்லை, உரிமை இருக்கிறது. வராவிட்டால் விடமாட்டேன் என்கிற அதட்டலில்தான் அந்தப் பாட்டின் காதலே இருக்கிறது. 26 ஆண்டுகள் கழித்து ஏ.ஆர். ரஹ்மான் ‘மே மாதம்’ படத்துக்காக மெட்ராஸைச் சுற்றிக் காட்டும் பாட்டு ஒன்றை அமைத்தபோது அதிலும் மனோரமாவின் குரல் தேவைப்பட்டது. ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஊரின் குரலைக் கொடுக்க அவரைத்தான் அழைத்தார்கள்.

1986இல் ஏவி.எம். தயாரிப்பில் விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்துக்கு வருகிறேன். அவருடைய நடிப்பில் நான் மிக உயரத்தில் வைப்பது அதில் வரும் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவை. நடுத்தர வர்க்கக் குடும்பம் ஒன்று உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் கௌரவத்துக்காக வாய் மூடிக்கொண்டிருக்கும் வீட்டில், வேலைக்காரிக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. குடும்பத் தலைவர் பேச்சை நிறுத்தச் சொல்லி அதட்டுவார். நிறுத்துவார். அந்த நிறுத்தத்தைக் கவனியுங்கள்: உதடு மூடியிருக்கும், தோள் மூடாது. உள்ளே வார்த்தை முட்டிக்கொண்டு நிற்பது முந்தானையைச் செருகும் கையிலேயே தெரியும். மறுபடி தொடங்கும்போது விட்ட இடத்தில் தொடங்கமாட்டார். ஒரு படி மேலே தொடங்குவார். தன் உரிமை எதுவரை என்று தெரிந்தவள், அந்த எல்லைக்கோட்டின் மேலேயே நின்று பேசுகிறாள். பள்ளத்தூரில் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்த ஒரு தாயின் மகள் இந்த வேடத்தைச் செய்கிறார் என்பதை அறிந்துகொண்டு பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைக்கும்.

1989இல் பார்த்திபன் இயக்கிய முதல் படமான ‘புதிய பாதை’ அவருக்குத் துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. அடுத்த ஆண்டு ‘நடிகன்’ படத்தில் கிழவராக வேடமிட்டு வரும் சத்யராஜை நம்பி மனதைக் கொடுக்கும் முதிர்கன்னியாக வந்தார். எழுதப்பட்ட விதத்தில் அது கேலிக்கான வேடம். வயதான பெண்ணுக்கு ஆசை வந்தால் ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் திரைக்கதையின் கணக்கு. அவர் அதில் வெட்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடி முன்னால் நிற்கிற இளம்பெண்ணின் வெட்கம். சிரித்தவர்கள் கொஞ்சம் குற்ற உணர்வோடு சிரிக்க வேண்டியதாயிற்று. ‘இந்தியன்’ படத்தில் அரசு அலுவலகத்தில் லஞ்சம் கேட்கும் அதிகாரிகள் முன்னால் நிற்கும் ஏழைப் பெண்ணாகச் சற்று நேரம்தான் வருகிறார். அங்கே நகைச்சுவைக்காரி சுத்தமாக மறைந்துவிடுகிறார்.

இதை எழுதும்போது மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருக்கும் அவர் வரிசையில் வந்தவர்களுக்கும் எழுதப்பட்ட நகைச்சுவையில் பெரும்பகுதி பெண்ணை அடிப்பதையும், அவள் உடம்பையும் நிறத்தையும் பல்லையும் கேலி செய்வதையும் நம்பியிருந்தது. கதாநாயகி அழகு என்று காட்டுவதற்காக அருகில் நிறுத்தப்பட்டவள் என்பதுதான் பல படங்களில் அவளுக்குக் கொடுத்த வேலை. சச்சு குழந்தை நட்சத்திரமாக வந்து, கதாநாயகியாகவும் நடித்துவிட்டு, ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷுக்கு ஜோடியாக வந்ததைப் பலர் இறக்கமாகவே பார்த்தார்கள். படத்தைப் பார்த்தால் அதில் என்ன இறக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. கோவை சரளா ‘சதி லீலாவதி’யில் கமல்ஹாசனுக்கு மனைவியாக, கொங்குத் தமிழில் படத்தின் பாதியைத் தோளில் தாங்கினார். அதற்குப் பிறகும் அவருக்குப் பல படங்களில் கணவனைத் துரத்தி அடிக்கும் மனைவி வேடமே மீண்டும் மீண்டும் வந்தது. குறை எழுதுகிறவர்களிடம் இருக்கிறது. மனோரமா அந்தக் குறையான எழுத்தை வாங்கிக்கொண்டு, வேடத்துக்கு ஒரு தொழில், ஒரு ஊர், ஒரு பேச்சு என்று மூன்றையும் தானே போட்டு நிரப்பினார். பெயரில்லாத வேடங்களுக்கும் முகவரி இருந்தது.

ஜோடி முறையிலிருந்து அவர் வெளியே வந்ததும் இப்படித்தான். எண்பதுகளில் புதிய நகைச்சுவை நடிகர்கள் வந்தபோது, அவர்களுக்கு ஜோடியாகப் போட்டியிடாமல் தாயாகவும் பாட்டியாகவும் நகர்ந்தார். ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘சின்னத் தம்பி’, ‘ஜென்டில்மேன்’ என்று எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த பெரிய படங்கள் பலவற்றில் அவர் இருக்கிறார். அழவைக்கும் காட்சியிலும் பேச்சின் ஊர் மாறாது. அதனால் அந்த அழுகை சினிமா அழுகையாக இருக்காது.

பிறர் தயவில் இருக்கும் தொழில் இது என்பதை அவர் அரசியலில் இறங்கிப் பார்த்தபோது அறிந்தார். 1996 தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார். எதிரணியை ஆதரித்த ரஜினிகாந்தைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். தேர்தல் முடிந்ததும் வாய்ப்புகள் வறண்டன. அத்தனை ஆண்டுகள் உழைத்த ஒருவருக்கு அந்த நிலை வந்தது. அடுத்த ஆண்டே ரஜினியின் ‘அருணாச்சலம்’ படத்தில் அவர் நடித்தார். ரஜினியின் அந்தப் பெருந்தன்மை பாராட்டப்பட்டது, நியாயம்தான். ஆனால் பல நூறு படங்களில் நடித்த ஒரு கலைஞரின் பிழைப்பு ஒரு நட்சத்திரத்தின் மனதைச் சார்ந்து இருந்தது என்பதும் அதே நிகழ்ச்சியிலிருந்து தெரிகிறது. 2002இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2010இல் ‘சிங்கம்’ படத்திலும் அவரைப் பார்த்தோம். உடல்நலம் அதற்குப் பிறகு அதிகம் இடம் கொடுக்கவில்லை.

காமெடி டிராக் என்ற ஏற்பாடே இப்போது ஏறத்தாழ மறைந்துவிட்டது. நகைச்சுவை கதைக்குள்ளேயே வர வேண்டும் என்பது இன்றைய இயக்குநர்களின் விருப்பம். கலைக்கு அது நல்லது. ஆனால் அதோடு, ஆண்டுக்கு இருபது படத்தில் வந்து ஒரு ஊர்த் தமிழைக் கேட்கவைக்கும் பெண்ணுக்கான இடமும் போய்விட்டது. இன்று சென்னைத் தமிழ் பேசும் பெண் வேடத்தைத் திரையில் கேட்கும்போது, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்கள் என்று என் காது சொல்லிவிடுகிறது. பேஜாரும் கஸ்மாலமும் சரியான இடத்தில் இருக்கும், இழுவை இருக்காது.

2015 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு மனோரமா காலமானார். வயது 78. தியாகராய நகர் வீட்டில் உடல் வைக்கப்பட்டிருந்தது. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். ‘பொம்மலாட்டம்’ படத்தின் கதாநாயகி அவர்தான். ஜாம்பஜார் பாட்டு வந்த அதே படம். இருவருமே குடும்பத்தின் பாரத்துக்காக இளம் வயதில் அரிதாரம் பூசியவர்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தொலைக்காட்சிகளும் அவருடைய காட்சிகளையே ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. ரமாமணி, கண்ணம்மா, சின்னக் கவுண்டரின் தாய், மறுபடியும் ரமாமணி. அம்மா அன்றைக்கும் கூடத்துக்கு வரவில்லை. ஊறவைத்த பருப்பு பாத்திரத்திலேயே இருந்தது. மதியம் வரை எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை.